இரண்டு தர்சிகா

மாணவர் செயற்றிட்டங்களை இந்த வருடம் முதல் தடவையாகப் பொறுப்பெடுக்கப் போகிற உங்களுக்கு, நான் செய்த ஒரு வேலையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். மூன்று மாணவர்கள் தங்கள் கையால் செய்து முடித்த ஒன்றை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமல், வேறொரு காரியத்துக்குத் தருவதாக ஒரு அதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்த அன்று எனக்கு ஒரே பெருமை. இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் பெருமைதான் வருகிறது. அது வருகிற இடம் மட்டும் மாறிவிட்டது.

சுனாமி அடித்து மூன்றாம் வருடம் அது. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் போர்த்துக்கேயமும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவள் நான். மாணவர்களுக்கு ‘மிஸ்’, ஊரில் பலருக்குப் ‘பறங்கி மிஸ்’. சுனாமி உதவியாக வந்த பன்னிரண்டு கணினிகள்தான் எங்கள் ஆய்வுகூடம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை நடந்துகொண்டிருந்ததால், அந்தப் பக்கத்துச் சனம் பாலம் கடந்து வந்து நகரப் பக்கத்துப் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் இருந்தது.

என் மாணவன் குகனும் அப்படி வந்தவன்தான். சொந்த ஊர் வவுணதீவு. தாயோடும் தங்கையோடும் முகாமில் இருந்துகொண்டு வகுப்புக்கு வருவான். செயற்றிட்டத்துக்குத் தலைப்புக் கேட்டபோது அவன் எழுந்து சொன்னான்:

“மிஸ், எங்கட முகாமில சாதாரண தரச் சோதனை எழுதப் போற பிள்ளையள் நிறைய இரிக்காங்க. கணக்குப் புத்தகம் நாலுதான் இரிக்கி. ரெண்டு பழைய கொம்பியூட்டர் தந்தீங்க எண்டா, கணக்குக் கேட்டு விடை பாக்கிற ஒண்டைச் செய்து குடுப்பம்.”

அவனோடு இன்னும் இருவர் சேர்ந்தார்கள். சுதர்சினி செட்டிபாளையத்துப் பெண். தகப்பனைக் கடல் கொண்டுபோனதால் உயர்தரப் பரீட்சை எழுத முடியாமல் போய், ஒரு வருடம் பிந்தி எங்களிடம் சேர்ந்தவள். றிஸ்வான் ஏறாவூர். நிரல் எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். பேச்சு மட்டும் குறைவு.

மூன்று மாதத்தில் செய்து முடித்தார்கள். ஒரு கணினியில் செயலி இருக்கும். மற்றவை கம்பியால் அதோடு இணைந்திருக்கும். உலாவியைத் திறந்தால் கணக்கு வரும். பிள்ளை விடையை அடித்தால் சரியா பிழையா என்று சொல்லும். பிழை என்றால் வழியைக் காட்டி, அதே மாதிரி இன்னொரு கணக்குக் கொடுக்கும். எத்தனை தரமும் செய்து பார்க்கலாம். இரண்டு கேட்டவனுக்கு நான் ஆறு கணினி கொடுத்தேன்.

முகாமில் ஓடவிட்ட முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. உள்ளே போவதற்குப் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் இலக்கத்தையும் கேட்கும்படி றிஸ்வான் எழுதியிருந்தான். ஒரு சிறுமி அந்தப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

“அவங்கட பத்திரமெல்லாம் வீட்டோட போன,” என்றான் குகன்.

றிஸ்வான் அந்த இடத்திலேயே இருந்து அதை மாற்றினான். பெயர், பாடசாலை, தரம் மூன்றும் போதும் என்று வைத்தான். நானும் முதுகில் தட்டிக் கொடுத்தேன். பயிற்சிக்கு அது போதும்தான். ஒரே பெயரில் இருவர் வந்தால் இருவர் புள்ளியும் ஒரு பக்கத்தில் விழும். அதனால் யாருக்கும் நட்டமில்லை. அன்றைக்கு இல்லை.

குகன் ஒரு கொப்பி வைத்திருந்தான். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கணினியில் இருந்தார் என்று எழுதுவான். முறை வைத்து இருக்கவிட வேண்டும், ஒருவரே பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது என்பதற்காக. அது எனக்கு அப்போது வேண்டாத வேலையாகத் தெரிந்தது.

கல்வி அலுவலகத்தில் கணிதத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு நாள் முகாமுக்கு வந்தார். கண்டிப்பானவர் என்று பேர். அதட்ட ஒருவரும் இல்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே இருந்து கணக்குச் செய்வதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். இடம்பெயர்ந்த பிள்ளைகளில் நாற்பது பேரைத் தெரிந்தெடுத்து, நகரத்தில் விடுதியும் சாப்பாடும் கொடுத்து, பரீட்சை வரைக்கும் படிப்பிக்க ஏற்பாடாகியிருந்தது. தனியாகச் சோதனை வைத்துத் திருத்த நாள் இல்லை. சனம் பகுதி பகுதியாக ஊருக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. இந்தச் செயலியில் எல்லோருக்கும் ஒரே ஐம்பது கணக்கைக் கொடுத்து, அந்தப் புள்ளியை வைத்து எடுக்கலாமா என்று கேட்டார்.

“ஓம் சேர்,” என்றேன். அதோடு விட்டேனா? “கணினி பிழை விடாது சேர்.”

மாணவர்களிடம் வந்து சொன்னபோது துள்ளுவார்கள் என்று எதிர்பார்த்தேன். றிஸ்வான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுதர்சினிதான் பேசினாள்.

“மிஸ், இது பிழை விட்டுப் பழகச் செய்தது. இதில பிழை விட்டா ஒண்டுமில்ல எண்டுதான் பிள்ளையளுக்குச் சொல்லியிரிக்கம்.”

“நான் ஓம் எண்டு சொல்லியாச்சு,” என்றேன். பேச்சு அங்கே முடிந்தது. முடித்தவள் நான்.

ஒரு வாரம் பிள்ளைகள் முறை வைத்து அந்த ஐம்பது கணக்கையும் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, நாற்பது பேரின் பட்டியல் ஒட்டப்பட்டது. திங்கட்கிழமை வகுப்புத் தொடக்கம்.

வெள்ளி காலையில் ஒரு தாயும் மகளும் ஆய்வுகூடத்துக்கு வந்தார்கள். மகளின் பெயர் தர்சிகா. தகப்பன் கந்தையா இறந்து சில வருடம். தாயும் மகளும் இன்னும் முகாமில்தான். பட்டியலில் ‘க. தர்சிகா, 86’ என்று இருந்தது. தாய் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். ஆயுதக்காரர் பிள்ளைகளைப் பிடித்துப் போன அந்த நாளில் பதினாறு வயதுப் பிள்ளையை ஒரு கூடாரத்தில் வைத்திருப்பது என்ன பயம் என்று இந்த ஊர்க்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தத் தாய்க்கு விடுதி என்றால், கணிதத்துக்கு முதல், நான்கு சுவரும் பூட்டுகிற கதவும்.

மகள் தாய்க்குப் பின்னால் நின்றபடி சொன்னாள்: “மிஸ், அந்தப் புள்ளி என்டயில்ல போல. நான் வட்டக் கணக்கு ஒண்டும் செய்யல்ல. விட்டுட்டு எழும்பின.”

தாய் அவள் கையை இறுக்கினாள். “சும்மா இரி புள்ள. மிஸ், அவள் மறந்துபோனாள்.”

“மறக்கல்லம்மா. பத்துக் கணக்கு விட்ட. மறுகா எப்பிடி எண்பத்தாறு வரும்?”

ஒரு கணக்குக்கு இரண்டு புள்ளி; பத்துக் கணக்கை விட்டால் எண்பதுக்கு மேல் வராது. கணக்குச் சரி. பார்த்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டேன்.

ஜும்மா முடிந்து றிஸ்வான் வந்ததும் பதிவைத் திறந்து காட்டினான். ஒரே பெயர், ஒரே பாடசாலை, ஒரே தரம். ஆனால் இரண்டு வெவ்வேறு நாள். குகன் கொப்பியைப் புரட்டினான். அவன் ஊர்ப் பிள்ளைகளைத் தகப்பன் பெயரால் அறிந்தவன். சோதனை நடந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைக்கு நேரே ‘கந்தையாவின் தர்சிகா’ என்றும், வியாழனுக்கு நேரே ‘கதிர்காமத்தம்பியின் தர்சிகா’ என்றும் எழுதியிருந்தான். இரண்டு பேர். பிந்தி எழுதியவளின் விடைகள் முந்தி எழுதியவளின் விடைகளை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. எண்பத்தாறும் கதிர்காமத்தம்பியின் மகளுடையது. அவள் குடும்பத்தோடு வவுணதீவுக்குத் திரும்பிப் பத்து நாளாகிவிட்டது. பட்டியலில் இருப்பது கந்தையாவின் மகள்தான் என்று முகாமில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இனி நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “நாற்பது பேரில ஒண்டு. ஒரு தர்சிகாவுக்குக் கிடைச்சதுதானே. திங்கள் வகுப்பு. இப்ப இதைக் கிளப்பினா எல்லாம் நிண்டுபோகும்.”

வகுப்பு நின்றுபோகும் என்று பயந்தது உண்மை. என் பேர் கெடும் என்று அதைவிடப் பயந்ததும் உண்மை.

“ஒண்டு எண்டு எப்பிடித் தெரியும் மிஸ்?” என்றாள் சுதர்சினி.

அவள் குரலை உயர்த்தவில்லை. கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, றிஸ்வானைப் பதிவுகளை வாசிக்கச் சொன்னாள். இரண்டு மணித்தியாலம் வரிவரியாகப் பார்த்தார்கள். ஏழு இடத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே பதிவில் இருந்தார்கள். பதினான்கு பிள்ளைகள். வேண்டாத வேலை என்று நான் நினைத்த கொப்பி இல்லையென்றால் ஒருவரையும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

அலுவலகம் மூட முதல் போய்விட வேண்டும் என்று நால்வரும் நடந்தோம். வழியெல்லாம் மனதுக்குள் நான் வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். ஜெனரேற்றர் நின்றது, கம்பி கழன்றது என்று. றிஸ்வான் பக்கத்தில் வந்து, “நான் எழுதின பகுதி மிஸ். நான் சொல்றன்,” என்றான். அவன் ஒரு நாளில் பேசுகிற பேச்சில் பாதி அது.

அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க முகம் சிவந்தது.

“கணினி பிழை விடாது எண்டு சொன்னீங்க.”

“பேர் பதியிற இடத்தை நான்தான் மாத்தின சேர்,” என்றான் றிஸ்வான்.

“அவர் தனிய இல்ல சேர். நாங்க மூண்டு பேரும் பாத்துச் சரி எண்டு விட்ட,” என்றாள் சுதர்சினி.

இரண்டு பிள்ளைகள், இருபது இருபத்தொரு வயது, ஒரு பெரிய அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று பிழைக்குப் பங்கு கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். தேடி வைத்த காரணமெல்லாம் என் வாய்க்குள் வரவேயில்லை.

“இல்ல சேர்,” என்றேன். “இவங்க பயிற்சிக்குச் செய்தாங்க. பயிற்சிக்கு அது சரியாத்தான் இரிக்கி. தெரிவுக்குத் தாறன் எண்டு இவங்களைக் கேளாமச் சொன்னது நான். வேணாம் எண்டு சொன்ன நேரமும் நான் கேக்கல்ல.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மாணவர்களைப் பார்த்துக் கேட்டார்: “இப்ப என்ன செய்யப் போறீங்க?”

அதற்கு அவர்களிடம் விடை இருந்தது. பதினான்கு பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, அதே அளவான ஐம்பது கணக்கைத் தாளில் கொடுப்பது. பென்சிலால் எழுதட்டும். அவரே முன்னால் இருக்கட்டும், அவரே திருத்தட்டும்.

“பதின்மூன்று பேர் இங்க இரிக்காங்க. ஒராள் மட்டும் வவுணதீவில,” என்றான் குகன்.

“ஞாயிறு காலையில அவளும் இங்க இருக்கணும்,” என்றார் அதிகாரி.

சனிக்கிழமை நானும் குகனும் புறப்பட்டோம். இளம் பெடியன் தனியாகப் பாலத்துச் சோதனைச் சாவடியைக் கடப்பது லேசான காரியம் இல்லை. எனக்கு வயதும் சிங்களமும் துணை. பஸ் ஏறப் போகிற நேரம் சுதர்சினி ஓடி வந்து குகனின் பையைத் திறந்தாள். கொப்பியை வெளியே எடுத்தாள்.

“பிள்ளையள்ற பேரும் நேரமும் எழுதின கொப்பி. இதைக் கொண்டா பாலத்தைக் கடக்கப் போறீங்க?”

படுவான்கரைப் பெடியன் ஒருவனின் பையில் நூறு பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல். பார்க்கிறவருக்கு அது கணக்குக் கொப்பியாகத் தெரியுமா? அந்த யோசனை எனக்கு வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. அவளுக்கு வந்தது. அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு, சாவடியில் கேட்டால் காட்டப் பழைய பயிற்சிக் கணக்குத் தாள் ஒன்றை மட்டும் தந்தாள்.

சாவடியில் பையைக் கவிழ்த்தார்கள். அந்தத் தாளில் இருந்த வட்டங்களைச் சிப்பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிதியும் பரப்பளவும் என்று என் சிங்களத்தில் சொன்னேன். தனக்கும் பள்ளிக்கூடத்தில் அதுதான் வராது என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார்.

கதிர்காமத்தம்பி ஊருக்கு வெளியே வட்டைக்குள் நின்றார். ஒரு போகம் விதைக்காமல் கிடந்த வயலில் பற்றை வெட்டிக்கொண்டிருந்தார். மகள் வரம்பில் நின்று வெட்டியதை இழுத்துப் போட்டாள். வீட்டுக்குக் கூரை இல்லை. நீலப் படங்கு கட்டியிருந்தார்கள்.

குகன் விசயத்தைச் சொன்னான். அவர் கத்தியை நிலத்தில் ஊன்றினார்.

“பட்டியல்ல இவள்ற பேர் இல்ல எண்டு நேத்துச் சொன்னாங்க. இப்ப நீங்க இரிக்கி எண்டுறீங்க. எதை நம்புற?”

“இரிக்கி எண்டு சொல்ல வரல்ல மாமா,” என்றான் குகன். “பிழை நாங்க விட்ட. இவள் இன்னொருக்கா எழுதணும். எழுதிக் கிடைக்காட்டியும் கிடைக்காது. அதைச் சொல்லித்தான் கேக்க வந்த.”

நானாக இருந்தால் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லியிருப்பேன். அவர் மகளைப் பார்த்தார். அவள் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஏற்கனவே வரம்பிலிருந்து இறங்கிவிட்டாள்.

“இவளைத் தனிய விடமாட்டன். நானும் வாறன்,” என்றார்.

அன்றே மூவரையும் கூட்டிக்கொண்டு திரும்பினேன். தகப்பனும் மகளும் எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

ஞாயிறு காலை பதினான்கு பேரும் எழுதினார்கள். அதிகாரி முன்னால் ஒரு கதிரையில் அசையாமல் இருந்தார். இரண்டு தர்சிகாவும் இரண்டு அந்தத்தில் இருந்தார்கள். வெளியே கந்தையாவின் மனைவி சுதர்சினியிடம், “இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா இந்த வினை இல்ல,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுதர்சினி பக்கத்தில் குந்தியிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி அங்கேயே திருத்தினார். கதிர்காமத்தம்பியின் மகளுக்குத் தொண்ணூறு. பட்டியலில் இல்லாத இன்னொரு பிள்ளையும் தகுதியான புள்ளி எடுத்திருந்தது. கந்தையாவின் மகள் வட்டக் கணக்கில் நான்கைத்தான் சரியாகச் செய்திருந்தாள். எழுபத்தாறு. தெரிவுக்குரிய புள்ளிக்கு நான்கு குறைவு.

“நாற்பது கட்டில்தான் இரிக்கி சேர்,” என்றேன்.

அவர் அவளுடைய தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். “இந்தப் பிள்ளை வந்து சொல்லாட்டி நமக்கு இது தெரிஞ்சிருக்குமா?”

“தெரியாது சேர்.”

“மறுகா எப்பிடி அவளை வெளியில விடுற?” என்றார். “பிழை விட்டது நாம. ஒட்டின பட்டியல்ல இருந்து ஒரு பேரும் எடுக்க மாட்டன். ரெண்டு பேரைச் சேர்த்து எழுதுங்க. கட்டில் நான் பாக்கிறன்.”

திங்கட்கிழமை நாற்பத்திரண்டு பேர் வகுப்பில் இருந்தார்கள். இருவருக்கு ஒரு மாதம் பாய்தான். இரண்டு தர்சிகாவும் ஒரே அறை. ஒருத்தி மற்றவளுக்கு வட்டக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பரீட்சையில் இருவரும் கணிதம் சித்தியடைந்தார்கள். கந்தையாவின் மகள் இன்று வங்கியில் வேலை; பிழையைப் பிடிப்பதில் பெயர் எடுத்தவள் என்று கேள்வி. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

செயற்றிட்ட அறிக்கையை மூவரும் என்னிடம் கொண்டுவந்தார்கள். முதற் பக்கத்திலேயே பிழையை எழுதியிருந்தார்கள். எங்கே விட்டது, எத்தனை பிள்ளைகளைப் பாதித்தது, எப்படித் திருத்தியது என்று. அதற்குக் கீழே, இந்தச் செயலியின் புள்ளியை வைத்து யாரையும் தெரிவுசெய்யக் கூடாது என்ற ஒரு வரி. மதிப்பிட வந்த வெளிப் பரீட்சகருக்கு அது விளங்கவில்லை.

“இதை எழுதாமல் விட்டிருக்கலாமே. எனக்குத் தெரியவா போகுது?”

“எங்களுக்குப் பிறகு இதை எடுத்துச் செய்யிற ஆக்களுக்குத் தெரியணும்தானே சேர்,” என்றான் றிஸ்வான்.

பின்வரிசையில் இருந்த எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. புள்ளி போடுகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கண்ணில் தூசி விழுந்தது போலத் துடைத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்த வருடம் வேறு இரண்டு மாணவர்கள் அந்த வேலையை எடுத்துத் திருத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இலக்கம் கொடுத்தார்கள். வாவியின் இரண்டு கரையிலும் பல பாடசாலைகளில் அது ஓடியது.

ஒன்றை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அந்த அறிக்கை முதலில் என் கைக்கு வந்தபோது, முதற் பக்கத்தில் ‘பிழை நடந்த காரணம்’ என்ற தலைப்பின் கீழ், பெயர் பதிகிற பகுதியைப் பற்றி மட்டும்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “வேணாம் மிஸ்,” என்றான் குகன். நான் விடவில்லை. கடைசியில் சுதர்சினி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள்.

அந்த அறிக்கை நம் நூலகத்தில், கதவுக்கு இடப்பக்க அலுமாரியில் இருக்கிறது. முதற் குழுவைப் பொறுப்பெடுக்க முன் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். என் பெயர் எட்டாவது வரியில், முழுப் பெயராக இருக்கிறது.